கல்யாணப் பையில் வந்த மண்

கண்ணா,

நேற்றுக் காலை உன் கல்யாணத் தாம்பூலப் பை ஒன்று மயிலாப்பூருக்குத் திரும்பி வந்தது. மஞ்சள் துணி, சிவப்பு எழுத்தில் உன் பேரும் உன் மனைவி பேரும், நடுவில் ஒரு குட்டிப் பிள்ளையார். தேங்காயும் வெற்றிலையும் போட்டு மண்டப வாசலில் நின்று நானே எல்லோருக்கும் கொடுத்த பைதான். இந்த முறை அதற்குள் மண் இருந்தது. கொண்டு வந்தவர் உன் மாமனாரின் தம்பி. உன் இறால் குட்டைக்கு மேற்கே, வரப்பை ஒட்டி நெல் போடுகிறாரே, உன் மனைவி வாய் நிறையச் சித்தப்பா, சித்தப்பா என்று கூப்பிடுவாளே, அவர். பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வந்திருக்கிறார். காபியைக் கையில் வாங்கிக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தார். "சம்பந்தியம்மா, நாத்து நுனியெல்லாம் கருகிப் போச்சுங்க. வெதச்சு மூணு வாரம்கூட ஆவல. யூரியா அதிகமாப் போட்டுட்டேனோ என்னமோ. நீங்க பார்த்துச் சொன்னீங்கன்னா மாத்திக்கறேன்" என்றார். தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்ற நினைப்பிலேயே அவ்வளவு தூரம் வந்திருக்கிறார் மனுஷர்.

பையைப் பிரிக்கும்போதே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. முப்பது வருஷம் மண்ணை மோந்து பார்த்துச் சம்பளம் வாங்கியவள் நான். ஆனாலும் கருவி சொல்லட்டும் என்று, அவரை வீட்டிலேயே குளித்துச் சாப்பிடச் சொல்லிவிட்டு, அடையாறில் நான் அரை நாள் வேலைக்குப் போகும் அந்தச் சின்னப் பரிசோதனைக் கூடத்துக்கு எடுத்துப் போனேன். அங்கே உதவிக்கு இருக்கும் செல்வத்தை உனக்குத் தெரியும், உன் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன். மண்ணைத் தண்ணீரில் கலக்கி, உப்பு அளக்கும் கருவியை உள்ளே விட்டதும் முள் ஒரே ஓட்டமாக வலது பக்கம் போய் முட்டிக்கொண்டு நின்றது. செல்வம் கருவிதான் கெட்டுவிட்டதென்று இரண்டு தட்டு தட்டினான். பிறகு கிளாஸில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னாமா இது? உப்பளத்துல எட்த்துக்கினு வந்தாங்களா? இதுல பயிர் வெக்கறான்னா அவன் நெஞ்சழுத்தக்காரன்மா" என்றான். எனக்குச் சிரிக்க வரவில்லை. முடிவைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அந்தக் கிளாஸை நானே கழுவி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இதை உன் சின்ன மாமனார் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். கவரை ஒட்டவில்லை. அவர் பிரித்துப் படிக்க மாட்டார், அந்த மாதிரி ஆள் இல்லை. படித்தாரானால் எனக்கு ஒரு வேலை மிச்சம். நீ படித்து முடித்ததும் உன் மனைவியிடம் கொடு. இதில் அவளுக்கு மறைக்க வேண்டியது ஒன்றும் இல்லை, மறைத்தது போதும்.

உனக்கு மண்ணைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் சைதாப்பேட்டையில் இருந்த எங்கள் பழைய ஆபீசுக்கு வந்து என் மேஜைக்கு அடியில் உட்கார்ந்துகொள்வாய். அப்பா போன பிறகு உன்னை விட்டுவிட்டு வர எனக்கு வேறு இடம் இருக்கவில்லை. ஊர் ஊராக மண் வரும், துணிப் பையில், பால் டின்னில், சமயத்தில் வேட்டி முனையில் முடிந்துகூட. நீ ஈரமாக்கி விரலால் தேய்த்துப் பார்ப்பாய். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தள்ளினால் நாடா மாதிரி நீளமாக வருவது களிமண், பாதியில் உடைவது வண்டல், நாடாவே வராமல் உதிர்வது மணல் என்று எட்டு வயதிலேயே என்னைவிட வேகமாகச் சொல்வாய். கரிசல் வந்தால் உனக்குக் கொண்டாட்டம், பிள்ளையார் பிடிப்பாய். வெயிலில் காய வைத்து அது வெடித்துப் போனதும், ஏம்மா வெடிக்குது என்று அழுவாய். குடிக்கும்போது உப்பி, காயும்போது சுருங்குகிற மண்ணடா அது, கோடையில் உன் கால் போகும் அளவுக்கு வயலே வெடிக்கும், ஆனால் குடித்த தண்ணீரைச் சுலபத்தில் விடாது என்று சொல்வேன். செம்மண் சீக்கிரம் குடிக்கும், சீக்கிரம் தாகம் எடுக்கும். கடலோர மணல் எதையும் வைத்துக்கொள்ளாது, மேலே விட்டது கீழே போகும், பக்கத்தில் விட்டது பக்கத்துக்குப் போகும். இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் உனக்கு இப்போது நினைவுபடுத்துகிறேன். நீ மறந்திருக்க மாட்டாய் என்பதுதான் என்னைத் தூங்க விடவில்லை.

நிச்சயதார்த்தத்துக்கு நாம் அங்கே போன அன்று பந்தி முடிந்ததும் உன் மாமனார் நிலத்தைச் சுற்றிக் காட்டினார். நடுவில் அந்தப் பழைய கிணறு. கைப்பிடிச் சுவர் இடிந்து ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. நான் எட்டிப் பார்த்தேன், பழக்கதோஷம். பக்கவாட்டில் மண் அடுக்கு அப்படியே தெரிந்தது. மேலே முழங்கை நீளத்துக்குக் கறுப்பு, அதற்குக் கீழே தண்ணீர் வரைக்கும் வெள்ளை மணல். ஒவ்வொரு கோடையிலும் குளத்து வண்டலை வண்டி வண்டியாக அடித்து, அந்த மணல் மேல் ஒரு வயலையே செய்து வைத்திருந்தார்கள் அந்தக் குடும்பத்தில். உன் மாமனாரே பெருமையாகச் சொன்னார். நீயும் எட்டிப் பார்த்தாய். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் வந்து வேனில் ஏறினோம்.

அதற்குள் நீ உரக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு அந்த நிலத்தில் இறால் வளர்ப்பதென்று முடிவு செய்திருந்தாய். ஊரில் சுலபத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. நெல் வயலுக்கு நடுவே உப்புத் தண்ணீரைக் கொண்டு வந்து நிறுத்துகிறேன் என்றால் யார்தான் ஒத்துக்கொள்வார்கள்? குட்டைத் தண்ணீர் கசியாது என்று மண்ணைப் பார்த்து யாராவது எழுதிக் கொடுக்கட்டும் என்றார்கள். மாப்பிள்ளையின் அம்மாவே மண் பார்க்கிறவர்கள்தானே என்று முதலில் சொன்னவர் உன் சின்ன மாமனார். தன் வாயாலேயே சொன்னார்.

தை மாதம் தி.நகரில் கூறைப் புடவை எடுத்த அன்று நீ அந்தப் பாலிதீன் கவரை என் கைப்பையில் வைத்தாய். கூட்டத்தில் இடிபட்டு, கால் வலித்து, ஜூஸ் கடையில் ஒதுங்கி நின்றோமே, அப்போது. "அம்மா, நீ சொல்லிக் கொடுத்த மாதிரியேதான் எடுத்தேன். பத்து இடம், 'வி' வடிவத்துல வெட்டி, அரை அடி ஆழம், எல்லாத்தையும் கலந்து நாலா பிரிச்சு எதிரெதிர் பாகத்தைத் தள்ளி... ஒரு தப்பு சொல்ல முடியாது உன்னால" என்றாய். தப்பு சொல்ல முடியவில்லைதான். நெல்லுக்கு மண் எடுக்க அதுதான் முறை, நெல்லின் வேர் அரை அடியில்தான் இருக்கிறது. ஆனால் குட்டை ஆள் உயரத்துக்கு இறங்கப் போகிறது. குட்டைக்கு மண் எடுப்பதென்றால் ஆள் உயரத்துக்குத் தோண்டி, அடிக்கு ஒரு பிடியாகத் தனித்தனியே எடுக்க வேண்டும். இது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் ஜூஸைக் குடித்து முடித்துவிட்டு, "சரி, பார்க்கறேன்" என்றேன்.

வீட்டுக்கு வந்து விரலில் தேய்த்தேன். நாடா நீளமாக வந்தது. எப்படி வராமல் போகும், தலைமுறையாக அடித்த குளத்து வண்டல் அல்லவா! பரிசோதனைக் கூடத்தின் தாளில், 'கொண்டு வரப்பட்ட மண் மாதிரி களிமண். நீரைத் தேக்கும் தன்மை உடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு வார்த்தை பொய் கிடையாது. எங்கள் தாள் எல்லாவற்றிலும் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும், 'இம்முடிவு எங்களிடம் அளிக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்' என்று. எங்கள் தொழிலில் அந்த வரிக்குப் பின்னால் ஒளிந்து பிழைத்தவர்கள் நிறையப் பேர். நான் அப்படி ஒளிந்ததில்லை என்று ரிட்டையர் ஆன அன்று மாலை போட்டுக்கொண்டு பேசியிருக்கிறேன். பெற்ற பிள்ளைக்காக முதல் தடவையாக ஒளிந்தேன். ஊர் மறுத்துவிட்டால், வேலையையும் விட்டுவிட்ட உன் கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயந்தேன், நீ என்னோடு பேசாமல் போய்விடுவாயோ என்று அதைவிடப் பயந்தேன். அந்தத் தாளை ஊர்க்கூட்டத்தில் உரக்கப் படித்தவரும் அதே மனுஷர்தானாம். நேற்று சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார், நான்காக மடித்து பத்திரமாக வைத்திருக்கிறார். அடி வரி மடிப்பில் கிழிந்து போயிருக்கிறது.

முதல் தடவை என்று சொன்னேனே, அதுகூடச் சரியாக யோசித்தால் உண்மையில்லை. ஒளிந்தது முதல் தடவை, ஆனால் பார்த்தும் பேசாமல் இருந்தது நிறைய. ஆபீசில் எங்களுக்கு அச்சடித்த பரிந்துரைத் தாள் உண்டு. தழைச்சத்துக்கு ஒரு கட்டம், மணிச்சத்துக்கு ஒரு கட்டம், சாம்பல் சத்துக்கு ஒரு கட்டம். கட்டத்தை நிரப்பித் தள்ளிவிடுவேன். தொழு உரம் போடு, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழு என்று ஒருவருக்குக்கூட நான் எழுதியதில்லை, ஏனென்றால் அதற்குக் கட்டம் இல்லை. அதே ஊர்களிலிருந்து சில வருஷம் கழித்து மண் வரும்போது உலக்கையால் இடித்தாலும் உடையாத கட்டியாக வரும். மட்கு இல்லாத மண் அப்படித்தான் ஆகும். தண்ணீர் உள்ளே இறங்காது, மேல் மண் மழைக்குக் கரைந்து ஓடும், போட்ட உரமும் கூடவே போகும். நான் மறுபடியும் மூன்று கட்டத்தையும் நிரப்பி அனுப்புவேன், இந்தத் தடவை கொஞ்சம் கூடுதலாக.

நம் தெருவில் அந்தப் பழைய வீட்டை இடித்து ஃபிளாட் கட்டினார்களே, நினைவிருக்கிறதா? அஸ்திவாரத்தை மூட லாரி லாரியாக மண் வந்து கொட்டியது. நான் மார்க்கெட்டிலிருந்து வரும்போது குனிந்து ஒரு கட்டியை எடுத்துப் பார்த்தேன். உள்ளே நெல் தாள் வேரோடு இருந்தது. ஒரு மண்புழுகூட உயிரோடு நெளிந்தது. யாரோ எங்கோ வயலின் மேல் மண்ணைச் சுரண்டி விற்றிருக்கிறார்கள், அது ராஜா அண்ணாமலைபுரத்துக்கும் மயிலாப்பூருக்கும் கார் நிறுத்தும் தரைக்கு அடியில் வந்து படுக்கிறது. ஒரு விரற்கடை மேல் மண் உண்டாக எத்தனை தலைமுறை ஆகும் என்று கூட்டங்களில் பேசுகிறவள் நான். கட்டியைக் கீழே போட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டேன். பின்னால் நீ புல்டோசர் வைத்து அந்தக் கறுப்பு மண்ணைத் தள்ளிக் குட்டைக்குக் கரை போட்டாய் என்று கேள்விப்பட்டபோது அந்த லாரி ஞாபகம்தான் வந்தது. இருந்த ஒரே களியைக் கரையில் ஏற்றிவிட்டு, வெறும் மணல் மேல் உப்புத் தண்ணீரை நிறுத்தியிருக்கிறாய்.

ஆடி மாதம் உன் மனைவி போன் செய்தாள். ஊர்ப் பேச்செல்லாம் பேசிவிட்டுக் கடைசியில், "அத்தை, இப்பல்லாம் கிணத்துத் தண்ணில பருப்பு வேகவே மாட்டேங்குது. எவ்ளோ நேரம் வெச்சாலும் முழிச்சுக்கிட்டே இருக்கு. நல்ல பருப்புதான்" என்றாள். தண்ணீரில் உப்பு ஏறினால் முதலில் சொல்வது பருப்புதான், அப்புறம்தான் பயிர். அந்த நிமிஷமாவது வாயைத் திறந்திருக்கலாம். "குக்கர்ல வெச்சுப் பாரும்மா" என்று சொன்னேன். நல்ல மாமியார்! அவள் வயிற்றில் இப்போது உன் குழந்தை இருக்கிறது, குடிப்பது அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான். இதை எழுதும்போது என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

உன் மேல் கோபம் இல்லையா என்றால், இருக்கிறது, நிறைய. அடுத்த வாரம் இரண்டாவது தடவையாக இறால் குஞ்சு இறக்கப் போவதாகவும், குட்டையை ரொப்பியாகிவிட்டதென்றும் போன வாரம் சந்தோஷமாகச் சொன்னாய். வரப்போரம் வெள்ளையாகப் பூத்திருப்பதை நீ பார்க்கவில்லை என்று என்னிடம் சொல்லாதே. பால் டின் மண்ணை விரலில் தேய்த்து ஊரைச் சொன்ன பிள்ளை நீ. சித்தப்பா யூரியாவைக் குறை சொல்லிக்கொண்டு மயிலாப்பூருக்குப் பஸ் ஏறும்போது நீ பேசாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். போகட்டும், அம்மா சமாளித்துக்கொள்வாள் என்று நினைத்திருப்பாய். அந்த நினைப்பை உனக்குக் கொடுத்தவள் நான்தான், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இப்போது காதைக் கொடுத்துக் கேள். மணலுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. அது எதையும் வைத்துக்கொள்ளாது என்று சொன்னேன் அல்லவா, உப்பையும் வைத்துக்கொள்ளாது. கரிசலில் இது நடந்திருந்தால் உன் பேரன் காலத்திலும் உப்பு போகாது, நான் இந்தக் கடிதத்தை எழுதியே பிரயோஜனம் இருக்காது. உங்கள் ஊர் மண்ணில் ஐப்பசி மழை நன்றாகப் பெய்தால், வயலில் தண்ணீரைக் கட்டி வடித்து, மறுபடி கட்டி வடித்தால், பெரும்பாலும் கழுவிக்கொண்டு கீழே போய்விடும். ஒரு மழைக்காலத்தில் தீராவிட்டால் இரண்டில் தீரும். நடுவில் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, கரையில் ஏற்றிய கறுப்பு மண்ணைத் திரும்ப இறக்கிப் பரப்பினால் வயல் வயலாகும். ஆனால் இதெல்லாம் பக்கத்தில் உப்புத் தண்ணீர் நிற்காமல் இருந்தால்தான். ஒரு பக்கம் மழை கழுவ, இன்னொரு பக்கம் உன் குட்டை ஊட்டிக்கொண்டே இருந்தால், சித்தப்பாவின் நிலத்துக்குப் பிறகு அடுத்தவர் நிலம், அதற்கப்புறம் ஊர்க் கிணறு. புரட்டாசி பாதி ஓடிவிட்டது. இன்னும் குஞ்சு இறங்கவில்லை. குட்டைத் தண்ணீரை வாய்க்காலில் மட்டும் திறந்து விட்டுவிடாதே, அது ஊரையே கொல்லும். மோட்டார் வைத்து உப்பனாற்றுக்கே இறைத்துவிடு, எங்கிருந்து வந்ததோ அங்கேயே போகட்டும்.

சித்தப்பாவிடம் நேற்று நான் உண்மையைச் சொல்லவில்லை. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் அந்த மடித்த தாளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகக் காட்டியதும் என் தைரியம் போய்விட்டது. "யூரியா இல்லீங்க. நானே வியாழக்கிழமை வந்து வயலைப் பார்த்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் கிணத்துத் தண்ணிய நாத்துக்கு விடாதீங்க" என்று மட்டும் சொன்னேன். "நீங்களே வரீங்களா! அப்ப எனக்கு என்ன கவலை" என்று எழுந்து கும்பிட்டார். அந்தக் கும்பிடை வைத்துக்கொண்டு என்னால் இன்னும் இரண்டு நாளைத் தள்ள முடியும், அதற்கு மேல் முடியாது.

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்குவேன். என்னிடம் இரண்டு தாள் இருக்கும், தை மாதம் எழுதிய அறிக்கையின் நகலும் நேற்று எழுதியதும். இரண்டிலும் என் கையெழுத்துதான். பஸ் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் உன் குட்டைக் கரை தெரியும், சத்தமும் கேட்கும். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டால் உன் வீட்டுக்கு வருவேன், உன் மனைவி கையால் ஒரு காபி குடிப்பேன். பிறகு நாம் இரண்டு பேருமாகச் சித்தப்பா வீட்டுக்குப் போவோம், நீ உன் பங்கைச் சொல், நான் என் பங்கைச் சொல்கிறேன். அவர் துப்பினால் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிக்கொள்வோம்.

அந்த மஞ்சள் பையை உதறிக் கொடியில் போட்டிருந்தேன். மண்ணின் ஈரம் காய்ந்ததும் துணியெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்துவிட்டது. உன் பேருக்கு மேல் கொஞ்சம் அதிகமாகவே பூத்திருக்கிறது. அதை நான் துவைக்கவில்லை. மோட்டார் சத்தம் கேட்காவிட்டால் உன் வீட்டு வாசலைத் தாண்டி நேரே சித்தப்பா வீட்டுக்குப் போவேன், பை என் கையில் இருக்கும்.

அம்மா